மறைவில் வளரும் ஒரு தோல்நோய்

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் கூறுவது தமிழர் மரபு. இந்நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் முற்றுப்பெறாது. மருந்து கண்டறியப்பட்டிருந்தும், அதனை அறிந்த வைத்தியர் இருந்தும், நோயாளி நாணத்தால் வாய் திறவாமையாற் பெருந்தீங்கு விளைக்கும் நோய்களும் உலகில் உள. அத்தகைய நோயொன்றின் இயல்பையும், அதற்குரிய சிகிச்சை ஆராய்ச்சியாளராற் கண்டறியப்பட்ட வரலாற்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவ நூலார் அதனை ‘இலைக்கன் ஸ்கிளிரோசஸ்’ என வழங்குவர். பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் இலைக்கனைப் போன்று தோலிற் படர்வனவற்றுக்குப் பண்டை மருத்துவர் இட்ட பெயரே இதன் முற்பகுதி. ‘கடினமாதல்’ என்னும் பொருளுடையது பிற்பகுதி. பெயரளவில் அன்றி, அவ்வுயிரிக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இந்நோய் பெரும்பாலும் பிறப்புறுப்பின் புறத்தோலையும் குதத்தைச் சூழ்ந்த தோலையும் பற்றுவது. முதுகு, மார்பு, தோள் ஆகிய இடங்களிலும் சிலருக்குத் தோன்றும். பாதிக்கப்பட்ட தோல் வெண்ணிறமடைந்து, மெல்லிய தாளைக் கசக்கி விரித்தாற் போலச் சுருக்கமுற்றுக் காணப்படும். இரவில் மிகும் கடுமையான அரிப்பே இதன் முதன்மையான அறிகுறி. தோல் எளிதில் வெடிக்கும். சிறிது உராய்ந்தாலும் இரத்தம் கன்றும். மலசலங் கழிக்கையிலும் கணவன் மனைவியர் கூடுகையிலும் நோவு உண்டாகும். மாதவிடாய் நின்ற பெண்களிடத்தும் பருவமடையாத சிறுமியரிடத்தும் இது மிகுதியாகக் காணப்படினும், எவ்வயதினர்க்கும் வரக்கூடும். ஆண்களிலும் சிறுவரிலும் முன்தோல் இறுகிப் பின்தள்ள இயலாதவாறு ஆவதற்கு இஃது ஒரு காரணமாகும்.

இது தொற்றுநோய் அன்று. ஒழுக்கக்கேட்டினால் வருவதும் அன்று. தூய்மைக் குறைவினால் வருவதும் அன்று. இம்மூன்றையும் ஐயத்துக்கு இடமின்றி அறிந்துகொள்வது இன்றியமையாதது. ஏனெனின், இத்தவறான எண்ணங்களே பலரை வைத்தியரிடம் செல்லாது தடுக்கின்றன. வெண்மையைக் கண்டு வெண்குட்டமென அஞ்சுவோர் உளர். அரிப்பைக் கொண்டு பங்கசு நோயெனக் கருதி ஆண்டுக்கணக்கிற் பொருந்தாத களிம்புகளைப் பூசுவோரும் உளர். அமெரிக்காவில் 2005இல் வெளியான ஆய்வொன்று, பெண்நோய் வைத்தியரிடம் பொதுவாக வந்த பெண்களுள் ஏறக்குறைய 60 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்ததாகத் தெரிவிக்கின்றது. எனவே இதனை மிக அரிய நோயென ஒதுக்குதல் பொருந்தாது.

கவனியாது விடின் இருவகைக் கேடுகள் விளையும். முதலாவது தழும்பு. அழற்சி நீடிக்குந்தோறும் மென்மையான உறுப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தம் வடிவை இழந்து, வாயில் ஒடுங்கும். இவ்வாறு இழந்த வடிவை மருந்தினால் மீட்க முடியாது. இரண்டாவது புற்றுநோய். இது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரிடத்தே தோன்றுமெனக் கணக்கிட்டுள்ளனர். ஆயினும் அச்சிறு தொகையும் தடுக்கக்கூடியதாயின், அதனைத் தடாது விடுதல் எங்ஙனம் தகும்?

இனி, நோயின் வரலாற்றை நோக்குவாம். பாரிஸ் நகர வைத்தியர் ஹலோப்போ என்பவர் 1887இல் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். 1892இல் டாரியே என்பவர் நோயுற்ற தோலை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்து, அதன் அமைப்பை விளக்கினார். மேற்றோல் மெலிந்திருத்தலும், அதன்கீழ் நார்ப்பொருள் கண்ணாடி போன்ற ஒரே சீரான பட்டையாக மாறியிருத்தலும், அதற்கும்கீழ் அழற்சிக் கலங்கள் திரண்டிருத்தலும் இந்நோயின் அடையாளங்களாம். எனினும் பெண்நோய் வைத்தியர் தாம் கண்டதற்கு ஒரு பெயரும், தோல்நோய் வைத்தியர் மற்றொரு பெயரும் வழங்கினர். பிறேஸ்கி என்பார் 1885இற் பெண்களிடத்தும், ஸ்ரூமர் என்பார் 1928இல் ஆண்களிடத்தும் கண்டு வெவ்வேறு பெயரிட்டு விவரித்தவையும் இதனுள் அடங்குவனவே எனப் பின்னர் தெளிவாயிற்று. 1976ஆம் ஆண்டிலேயே பெண்குறி நோய்களை ஆராயும் சர்வதேசச் சங்கம் இன்றைய பெயரை ஏற்றுக்கொண்டது. ஒரு நோய்க்குப் பல பெயர் வழங்குங்கால், ஒருவர் கண்ட அனுபவம் மற்றவர்க்குப் பயன்படாதொழியும். இந்நோயின் சிகிச்சை பின்தங்கியமைக்கு அதுவும் ஒரு காரணமாகும்.

வெண்மையானதெல்லாம் புற்றுநோயின் முன்னோடி என அஞ்சிய காலத்தில், நோயுற்ற உறுப்பை அறுத்து அகற்றுவதே சிகிச்சையாக இருந்தது. பெண்கள் உறுப்பை இழந்தனர். நோயோ அறுத்த இடத்தருகிலும், பிற இடத்திலிருந்து கொணர்ந்து ஒட்டிய தோலிலுங்கூட மீண்டும் தோன்றியது. கத்தியால் தீராத நோய் இஃது என்பது உணரப்பட்டபின், ஆண் ஓமோனாகிய ரெஸ்ரொஸ்ரெரோன் கலந்த களிம்பைப் பல்லாண்டுகள் பயன்படுத்தினர். அதனால் குரல் தடித்தல், மயிர் மிகுதல் முதலிய பக்கவிளைவுகள் சிலருக்கு ஏற்பட்டன.

இதற்கிடையே வேறொரு துறையிற் பெரியதொரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அமெரிக்க வைத்தியர் ஹென்ச் 1948இல் மூட்டுவாத நோயாளிக்குக் கோற்றிசோன் கொடுத்து வியத்தகு பயன் கண்டார். அதன்பொருட்டு அவருக்கும், அதனை ஆராய்ந்த கெண்டல், றைக்ஸ்ரைன் ஆகியோருக்கும் 1950இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. 1952இல் சுல்ஸ்பேகர், விற்றன் என்னும் இருவர் அவ்வினத்துப் பொருளொன்றைத் தோலிற் பூசி அழற்சியைத் தணிக்கலாமெனக் காட்டினர். பின்னர் இவ்வினத்திற் பன்மடங்கு வலிய மருந்துகள் தோன்றின. குளோபெற்றசோல் புரொப்பியோனேற் அவற்றுள் ஒன்று. ஆயினும் ஸ்ரெரொயிட்டுக் களிம்புகள் தோலை மெலியச் செய்யும் என்பது யாவரும் அறிந்ததே. முன்னரே மெலிந்த தோலில் அவற்றை எவ்வாறு பூசுவது என வைத்தியர் தயங்கினர்.

இத்தயக்கத்தைத் தீர்த்தது சோதனையே. 1991இல் பிரித்தானிய வைத்தியர் டால்ஸியலும் அவர் துணைவரும் 0.05 வீதக் குளோபெற்றசோற் களிம்பைப் பயன்படுத்தி நற்பயன் கண்டதை வெளியிட்டனர். 1993இல் இத்தாலிய ஆய்வாளர் 79 பெண்களைப் பிரித்து, ரெஸ்ரொஸ்ரெரோன், புரொஜெஸ்ரெரோன், குளோபெற்றசோல், மருந்தற்ற களிம்பு ஆகிய நான்கையும் ஒப்பிட்டனர். குளோபெற்றசோலே சிறந்ததெனக் கண்டனர். 2011இல் 7 சோதனைகளையும் அவற்றிற் பங்குபற்றிய 249 பேரையும் ஒருங்குவைத்து நோக்கிய மதிப்பாய்வும் அதன் பயனை உறுதிப்படுத்தியது. தோலை மெலியச் செய்யும் மருந்து மெலிந்த தோலைக் காத்ததெங்ஙனம் எனின், அம்மெலிவுக்கு மூலம் அழற்சியே. தீயை அணைத்தால் வீடு எஞ்சுவதுபோல், அழற்சி தணியத் தோலும் தேறுகின்றது.

அவ்வழற்சியின் காரணம் யாது? உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடன ஆற்றல் தன் உடலையே எதிர்ப்பதனால் விளைவது எனப் பெரும்பாலான ஆய்வாளர் கருதுவர். தைரொயிட்டுச் சுரப்பியை அவ்வாறு தாக்கும் நோய்கள் இந்நோயாளரான பெண்களிடத்து மிகுந்து காணப்படுகின்றன. 2003இல் இலண்டன் ஆய்வாளர், தோலிலுள்ள ஒரு புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளை நோயாளர் பலரின் குருதியிற் கண்டனர். அவை நோய்க்குக் காரணமோ, அன்றி விளைவோ என்பது இன்னும் முடிவாகவில்லை.

சிகிச்சையைப் பொறுத்தவரை மிக முக்கியமான ஆய்வு 2015இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்தது. 507 பெண்களைச் சராசரி 4.7 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வு அது. அவர்களுள் 357 பேர் கூறியவாறு களிம்பை ஒழுங்காகப் பூசினர். 150 பேர் இடையிடையே விட்டனர். ஒழுங்காகப் பூசியவர்களுள் ஒருவருக்கேனும் புற்றுநோயோ அதன் முன்னிலையோ தோன்றவில்லை. மற்றையோருள் 7 பேருக்குத் தோன்றியது. தழும்பும் ஒட்டுதலும் மிகுந்தோர் முன்னையோருள் 3.4 வீதம், பின்னையோருள் 40 வீதம். ஒழுங்காகப் பூசுவோர் பிறவற்றிலும் தம் உடலைப் பேணுவோராய் இருத்தல் கூடுமாதலின், இதனை முற்றான நிரூபணமெனல் ஆகாது. ஆயினும் வேறுபாடு மிகப் பெரிது. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துதல் தவறென்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

பிரித்தானியத் தோல்நோய் வைத்தியர் சங்கம் 2018இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, களிம்பை முதல் மாதம் நாளுக்கொரு முறையும், இரண்டாம் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாளும், மூன்றாம் மாதம் வாரத்துக்கு இருமுறையும் பூசுவர். அதன்பின் தேவைக்கேற்பத் தொடர்வர். மூன்று மாதத்துக்கு 30 கிராம் போதுமானது. சவர்க்காரத்தைத் தவிர்த்து, மிருதுவான எண்ணெய்க் களிம்பைக் கொண்டு தோலைப் பேணல் நன்று. சிறுவர்க்கும் ஆண்களுக்கும் களிம்பு பயன்படாதவிடத்து முன்தோலை அகற்றல் பெரும்பாலும் குணந்தரும். குணமாகாத புண்ணோ தடிப்போ இருப்பின், சிறு துண்டெடுத்துச் சோதித்தல் வேண்டும். இவையெல்லாம் வைத்தியரின் மேற்பார்வையில் நிகழவேண்டியன; தாமாகவே மருந்து வாங்கிப் பூசுதல் ஆபத்தாகும்.

புதிய சிகிச்சைகள் எனப் பேசப்படுவனவும் சோதனைக்கு உட்பட்டன. நோயாளியின் குருதியிலிருந்து பிரித்த சிறுதட்டுக்களை ஊசியால் ஏற்றுமுறை 2019இலும், லேசர்க் கதிர்முறை 2021இலும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடப்பட்டன. அச்சோதனைகளில் அவை போலிச் சிகிச்சையினும் மேம்பட்டனவாகத் தோன்றவில்லை. புதுமையும் விலையும் பயனுக்குச் சான்றாகா என்பது இதனால் விளங்கும்.

மாணவரோடு பழகும் ஆசிரியரும் பெற்றோரும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். சிறுமியரிடத்து இந்நோய் பருவமடைந்ததும் தானே மறையுமென முன்னர் கருதினர். எல்லோரிடத்தும் அவ்வாறு மறைவதில்லை. இதனாலுண்டாகும் இரத்தக்கன்றல் சிலவேளை பிறர் இழைத்த கொடுமையின் அடையாளமாகத் தவறாகக் கொள்ளப்படுவதும் உண்டு; எனினும் ஒன்றிருத்தல் மற்றொன்றில்லை என்பதற்குச் சான்றாகாது. ஆதலின் அங்கு ஊகம் தகாது. அனுபவமிக்க வைத்தியரின் சோதனையே தக்கது.

நால்வகைக் கூறுகளுள் மருந்து உளது, வைத்தியரும் உளர். எஞ்சியவை நோயாளியின் சொல்லும், அவரைச் சூழ்ந்தோரின் பரிவுமே. தன் தாய்க்கோ தமக்கைக்கோ ஆண்டுக்கணக்காய் நீடிக்கும் அரிப்பு இருப்பதை அறிபவர், நாணத்தை ஒருபுறம் வைத்து அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வாராயின், மீட்க இயலாத இழப்பொன்றைத் தடுத்தவராவர். நாணம் நற்குணமே, நோயை மறைப்பதற்கு அது போர்வையாதல் தகாது.