கோபுரம் செயலிழந்தாலும் குரல் போய்ச் சேரும்: ஹாம் ரேடியோவைத் தெரிந்துகொள்வோம்

புக்கிட் பெலண்டோக் – பலத்த காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த பிறகு தோட்டப்புறத்தில் முதலில் தேடுவது மின்சாரத்தை. அது வர நேரமானால், கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து, திரையில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்துவிடும். சாலையில் மரம் விழுந்திருக்கிறது, ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும் என்றால் யாரிடம் சொல்வது?

கோபுரமும் சிம் அட்டையும் இணையமும் இல்லாமல், ஒரு கார் பேட்டரியை மட்டும் வைத்துக்கொண்டு வெளியூருக்குச் செய்தி சொல்லக்கூடியவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களைத்தான் ஹாம் என்கிறார்கள். அவர்களுடைய பொழுதுபோக்கின் முறையான பெயர் அமெச்சூர் ரேடியோ. சம்பளத்திற்கோ வியாபாரத்திற்கோ இல்லாமல், ஆர்வத்தினால் வானொலி அலையில் பேசுவது என்று பொருள்.

அலை எப்படிப் போகிறது?

ஹாம்கள் கையில் வைத்திருக்கும் சிறிய கருவி பெரும்பாலும் 144 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்யும். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். குன்றும் அடர்ந்த செம்பனை மரங்களும் அதைத் தடுக்கும். ஐந்து வாட் கருவியில் தரையில் நின்று பேசினால் சில கிலோமீட்டர்தான். அதனால் மலை உச்சியில் ரிப்பீட்டர் என்ற கருவியை வைக்கிறார்கள். கீழிருந்து வரும் குரலை வாங்கி, அதே நேரத்தில் வேறோர் அலைவரிசையில் அது மறுபடி அனுப்பும். அதன் வழியாக ஒரு மாநிலம் முழுவதும் பேசலாம்.

7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகளின் கதை வேறு. பூமிக்கு மேலே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் வரை மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குகள் இருக்கின்றன. இந்த அலைகள் அங்கே வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்பும். நேரமும் சூரியனின் நிலையும் ஒத்துழைத்தால், ஒரு மின்விளக்கு எரியத் தேவையான சக்தியில் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் குரல் போகும்.

இந்த விஷயத்தில் தோட்டத்துக்காரர்களுக்குப் பட்டணத்தாரைவிட வசதி அதிகம். 7 மெகாஹெர்ட்ஸுக்கான ஏரியலுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே கட்டுவது? இங்கே இரண்டு தென்னை மரங்களே போதும். மின்சாதனங்களின் இரைச்சலும் குறைவு. ஆனால் மின்கம்பிகளுக்கு அருகில் ஏரியல் கட்டவே கூடாது. இடி இடிக்கும் அறிகுறி தெரிந்தாலே அதைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

2004 டிசம்பர் 26

இந்தப் பொழுதுபோக்கு எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு ஆழிப்பேரலையின்போது அந்தமானில் நடந்ததைச் சொல்லலாம். பல ஆண்டுகளாக ஹாம் ஒலிபரப்பு இல்லாத அந்தமானிலிருந்து உலகத்தோடு பேச, இந்திய அரசின் அனுமதி பெற்று ஒரு குழு அந்த மாதம் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. குழுவை நடத்தியவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. 26ஆம் தேதி காலை நிலம் நடுங்கியது. கடல் பொங்கியது. மின்சாரமும் தொலைபேசியும் போயின.

விளையாட்டாகப் போட்ட நிலையமே உயிர்காக்கும் நிலையமாக மாறியது. அந்தக் குழு கருவிகளை மறுபடி அமைத்து இந்தியப் பெருநிலத்துடன் தொடர்பு ஏற்படுத்தியது. பாதிக்கப்பட்ட கார் நிகோபார் தீவிலும் நிலையம் அமைத்தது. உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தவித்த குடும்பங்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. இலங்கையிலும் அந்நாட்டு ஹாம்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே அவசரத் தொடர்பை நடத்தினார்கள்.

அதே ஆழிப்பேரலை பினாங்கிலும் கெடாவிலும் உயிர்களைக் கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த வெள்ளத்திலும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன.

திருவிழாவில் வாக்கி-டாக்கி: கவனம்

இப்போது இணையக் கடைகளில் குறைந்த விலைக்கு வாக்கி-டாக்கி கிடைக்கிறது. ஆலயத் திருவிழாவில் தேர் எங்கே வருகிறது, தீமிதிக் குழியருகே கூட்டம் எப்படி என்று சொல்ல இளைஞர்கள் அதை வாங்குகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கருவிகளில் பல, பூட்டு இல்லாத வீட்டைப் போல எந்த அலைவரிசையிலும் பேசவிடும்.

போர்ட்டிக்சன் கடல் நமக்குப் பக்கம். கப்பல்களும் மீனவர்களும் ஆபத்தில் உதவி கேட்கும் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். எண்ணைத் தவறாக அழுத்தி அங்கே ஒருவர் பேசிக்கொண்டிருந்தால், உதவி கேட்பவரின் குரல் கேட்காமல் போகலாம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி அனுமதியின்றி அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு.

திருவிழாத் தேவைக்கு வேறு வழி இருக்கிறது. 446, 477 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் தனிநபர் உரிமம் இல்லாமலேயே பயன்படுத்தக்கூடிய, சக்தி குறைந்த கருவிகள் உள்ளன. சிரிம் சான்று பெற்றதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஹாம் ஆவது எப்படி?

முதலில் ஒரு தேர்வு எழுத வேண்டும். அதை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்துகிறது. வானொலி விதிமுறைகள், பேசும் முறை, மின்னியல் அடிப்படை ஆகியவற்றில் கேள்விகள் வரும். எஸ்.பி.எம். இயற்பியலில் அலையையும் மின்சாரத்தையும் படித்த மாணவருக்கு இதில் பாதி பழகிய பாடம். மோர்ஸ் தந்திமொழி கற்றே ஆக வேண்டும் என்ற அனைத்துலக விதி 2003இல் தளர்த்தப்பட்டது. தேர்வு தேதி, கட்டணம் போன்ற விவரங்களை ஆணையத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது.

தேறியவர் உரிமம் பெற்றதும் அவருக்கென ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கினால் தீபகற்ப மலேசியா. 6 என்றால் சபா, 8 என்றால் சரவாக். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் குறி இருக்காது. 2007 அக்டோபரில் விண்வெளிக்குப் போன நம் நாட்டு வீரர் டத்தோ டாக்டர் ஷேக் முசாபாரும் 9டபிள்யூ2எம்யூஎஸ் என்ற குறியைப் பெற்றவர். முன்னாள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

அலையில் பேசுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. வியாபாரம் பேசக்கூடாது, பாட்டு ஒலிபரப்பக்கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. ஒவ்வொரு பேச்சிலும் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். பேசி முடித்தபின் அதற்குச் சான்றாக இருவரும் கியூ.எஸ்.எல். அட்டை அனுப்பிக்கொள்வது பழைய வழக்கம். தபால்தலை சேர்ப்பதைப் போல அதைச் சேர்ப்பவர்கள் உண்டு.

வழிகாட்ட ஆளில்லையே என்று தயங்க வேண்டாம். மார்ட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாட்டின் அமெச்சூர் வானொலிச் சங்கம் 1952 முதல் இருந்து வருகிறது. உரிமம் இல்லாதவரும் இந்த அலைவரிசைகளின் பேச்சைக் கேட்டுப் பழகி, தேர்வுக்குப் படிக்கத் தொடங்கலாம்.

ஒவ்வொரு தோட்டத்திலும் தாமானிலும் முதலுதவி தெரிந்தவர் ஒருவராவது வேண்டும் என்கிறோம். அதேபோல் அழைப்புக்குறி உள்ளவர் ஒருவரும் இருந்தால், கோபுரம் அணைந்த இரவிலும் நம் ஊரின் குரல் வெளியே கேட்கும். திருவிழாவில் ஆர்வமாக வாக்கி-டாக்கி பிடிக்கும் நம் இளைஞர்களுக்கு அந்த இடம் வெகுதூரத்தில் இல்லை, ஒரு தேர்வு தூரம்தான்.