வாங்குபவருக்கு மார்க் போடுவதால் யாருக்கு என்ன பயன்?

ஈபேயில் ஒரு பொருளை வாங்கி ஒழுங்காகப் பணம் கட்டினால், சில நாளில் விற்றவரிடமிருந்து ஒரு வரி வந்து விழும்: நல்ல வாடிக்கையாளர், உடனே பணம் கட்டினார், நன்றி. நம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண் ஒன்று கூடும். 10ஐத் தொட்டால் மஞ்சள் நட்சத்திரம், 50ஐத் தொட்டால் நீலம். சரி, ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாமல் காணாமல் போனவருக்கு? புது போனை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் பழையதை வைத்துத் திருப்பி அனுப்பியவருக்கு? குறையாக ஒரு வார்த்தை எழுத விற்பவருக்கு அங்கே வழி கிடையாது. 2008 மே மாதத்திலிருந்து இதுதான் விதி. பாராட்டலாம், பிடிக்காவிட்டால் சும்மா இருக்கலாம்.

பாராட்ட மட்டுமே முடிகிற இடத்தில் பாராட்டுக்கு என்ன மதிப்பு? பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தொடக்கத்தில் அப்படி இல்லை.

பியர் ஒமிடியார் 1995 செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறையின்போது, சான் ஹோசேயில் ஆக்‌ஷன்வெப் என்ற ஏலத் தளத்தைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஈபே ஆனது. வாங்கியவர்களும் விற்றவர்களும் ஒருவர் மேல் ஒருவர் அவருக்கே மின்னஞ்சலில் புகார் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாயத்து பண்ணி மாளாமல், 1996 பிப்ரவரியில் ஃபீட்பேக் பகுதியைத் திறந்துவிட்டார். புகழோ புகாரோ, எல்லார் கண்ணிலும் படும்படி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. இரண்டு தரப்புக்கும் ஒரே உரிமை.

அன்று பணம் செக்காகவோ மணி ஆர்டராகவோ தபாலில் வந்தது. செக் பாஸாகும் வரை பொருளை அனுப்பாமல் வைத்திருப்பது வழக்கம். வாங்குபவரின் மார்க் நன்றாக இருந்தால், செக் கைக்கு வந்த அன்றே பார்சல் கட்டிவிடுகிற விற்பனையாளர்கள் இருந்தார்கள். யாருக்குக் கடன் நோட்டு போடலாம், யாரிடம் ரொக்கம்தான் என்று மளிகைக்கடை அண்ணாச்சி மனதுக்குள் வைத்திருக்கும் கணக்குதான் இது. அண்ணாச்சி அதைச் சுவரில் எழுதி ஒட்டமாட்டார். ஈபே ஒட்டியது, சிக்கலும் அங்கேயே தொடங்கியது.

பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் ஸெக்ஹவுஸர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டின் ஈபே பதிவுகளை அலசினார்கள். வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோரும், விற்றவர்களில் சுமார் 60 சதவீதமும் ஃபீட்பேக் எழுதியிருந்தார்கள். வாங்கியவர்கள் எழுதியதில் 99 சதவீதம் பாராட்டு. முகம் தெரியாத ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் திருப்தி என்றால் நம்பவா முடிகிறது?

உள்ளே நடந்தது இதுதான். வந்து சேர்ந்த கேமரா லென்ஸில் கீறல். வாங்கியவர் உண்மையை எழுதுகிறார். மறுநாளே விற்றவர் பதிலுக்கு அவர் பக்கத்தில் 'மோசமான வாடிக்கையாளர், ஜாக்கிரதை' என்று எழுதிவிடுகிறார். ஆயிரம் பேருக்கு விற்றவருக்கு ஒரு குறை கொசுக்கடி. மொத்தமே ஆறு பொருள் வாங்கியவருக்கு அது பெரிய கறை. பிறகு சமரசம்: இருவரும் சேர்ந்து வாபஸ் வாங்கலாம் என்று ஈபேயிலேயே ஒரு வசதி இருந்தது. வாபஸ் வாங்கியதும் லென்ஸ் கீறலுக்காகப் போட்ட குறை மார்க்கும் கணக்கிலிருந்து போய்விடும். இதனால் விவரம் தெரிந்த விற்பனையாளர்கள், வாங்கியவர் முதலில் எழுதட்டும் என்று காத்திருந்தார்கள். வாங்கியவரோ வம்பெதற்கு என்று வாயை மூடிக்கொண்டார்.

2008இல் ஈபே இதை ஒரே வெட்டாக வெட்டியது. அறிவிப்பு வந்ததுமே விற்பவர்கள் கொதித்தார்கள், விதி அமலாகும் முன்பே பிப்ரவரியில் ஒரு வாரம் பொருள்களைப் பட்டியலிடாமல் புறக்கணிப்பும் நடத்தினார்கள். ஈபே அசையவில்லை. பிறகு டோபியாஸ் க்ளைன், கிறிஸ்டியன் லாம்பெர்ட்ஸ், கான்ராட் ஸ்டால் என்ற பொருளாதார நிபுணர்கள் கணக்குப் பார்த்தபோது, வாங்குபவர்களின் திருப்தி கூடியிருந்தது. மோசமான விற்பனையாளர்கள் கூட்டமாக வெளியேறிவிடவில்லை. இருந்தவர்களே இன்னும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். விற்பவர்களின் கோபம் நியாயமானது, ஆனால் ஈபே செய்தது சரி என்றே நினைக்கிறேன். பணம் முன்கூட்டியே வந்துவிடும் காலத்தில் வாங்குபவரின் குணநலன் பாதி அவசியமற்றுப் போகிறது. மீதிப் பாதிக்கு, அதாவது பொய்க் காரணம் சொல்லி ரிட்டர்ன் செய்பவர்களுக்கு, நட்சத்திரம் மருந்தல்ல. பணம் கட்டாதவர்களைத் தடுக்கும் செட்டிங்கும், குறிப்பிட்ட ஆட்களை பிளாக் செய்யும் பட்டியலும்தான் விற்பவருக்கு உதவுகின்றன.

வாங்குபவர் நம் வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ வருகிறார் என்றால் கதையே வேறு. ஊபரில் டிரைவரும் பயணிக்கு ஸ்டார் போடுகிறார். சராசரிக்கு வெகு கீழே போகும் பயணிகள் ஆப்பையே இழக்க நேரிடும் என்று 2019இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அறிவித்தார்கள். ஏர்பிஎன்பி ஈபேயின் பழைய தலைவலிக்கு 2014இல் வேறொரு வைத்தியம் செய்தது: இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கழியும் வரை, எதுவும் வெளியே தெரியாது. பதிலடி கொடுக்க வாய்ப்பே இல்லை.

ஏர்பிஎன்பியில் நடந்த ஓர் ஆய்வு, வாயில் நுழையாத பெயரோடு அமெரிக்காவில் வாழும் நமக்குச் சுவாரஸ்யமானது. கறுப்பினத்தவர் என்று எளிதில் தெரியும் பெயர்களில் இடம் கேட்டபோது, வெள்ளையர் பெயர்களைவிட ஏறத்தாழ 19 சதவீதப் புள்ளி குறைவாகவே சம்மதம் கிடைத்தது. அந்தக் கணக்கில் முன்பு தங்கிய வீட்டின் உரிமையாளர் எழுதிய ஒரே ஒரு நல்ல வரி இருந்தபோது, வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வாங்குபவர் மார்க்கால் பலனடைவது விற்பவர்தான் என்ற எண்ணத்தை இது கொஞ்சம் அசைக்கிறது. தெரியாத ஆளுக்கு அந்த ஒரு வரி சிபாரிசுக் கடிதம்.

நியூஜெர்சியின் எடிசனிலிருந்து டெக்சஸின் பிளேனோவுக்கு வேலை மாறும் குடும்பம் மூவிங் சேல் போடும்போது இந்தச் சிபாரிசு கிடைப்பதில்லை. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் ரேட்டிங் உண்டு. ஆனால் டிரெட்மில்லைக் கொடுத்தோமா, லாரி ஏறினோமா என்றிருப்பவர்கள் அதற்கு மெனக்கெடுவது அபூர்வம். வாங்க வருகிறவரின் அக்கவுண்ட் எந்த வருஷத்தது என்று பார்ப்பதுதான் அதைவிடப் பயன். நேற்று தொடங்கிய அக்கவுண்ட், பேரமே பேசாமல் முழு விலைக்குச் சம்மதம், 'ஸெல் (Zelle) வழியாகப் பணம் போட்டுவிட்டேன், நீங்கள் பிசினஸ் அக்கவுண்டாக மாற்றினால்தான் வரும்' என்று ஒரு மின்னஞ்சல்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மோசடி. கைமாற்றிக்கொள்ள போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இடம் ஒதுக்கியிருக்கும் ஊர்கள் பல உண்டு.

நட்சத்திரம் போனாலும் வாங்குபவருக்கு மார்க் போடுவது நின்றுவிடவில்லை. நம் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். சான் பிரான்சிஸ்கோவின் சிஃப்ட் என்ற நிறுவனம் ஆன்லைன் வாடிக்கையாளர்களுக்கு 1 முதல் 100 வரை மோசடி மார்க் போட்டு, தன்னிடம் பணம் கட்டும் கம்பெனிகளுக்குத் தருகிறது. 2019இல் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் தன் கோப்பைக் கேட்டு வாங்கியபோது 400 பக்கம் வந்தது. கலிஃபோர்னியாவின் ரீட்டெய்ல் ஈக்வேஷன் என்ற நிறுவனமோ, பெஸ்ட் பை போன்ற கடைகளுக்காக யார் எத்தனை முறை ரிட்டர்ன் செய்கிறார் என்று கணக்கு வைக்கிறது. கவுண்டரில் 'இனி உங்களிடம் ரிட்டர்ன் எடுக்க முடியாது' என்று சொல்லவைப்பது அந்தக் கணக்குதான். ஈபேயில் ஒருவர் திட்டி எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்தாலும் படிக்கவாவது முடிந்தது. பதில் எழுதவும் முடிந்தது.

தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்கும் உரிமை கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதலும், டெக்சஸில் 2024 ஜூலை 1 முதலும், நியூஜெர்சியில் 2025 ஜனவரி 15 முதலும் சட்டத்தில் இருக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. ரிட்டர்ன் மறுக்கப்பட்டவர்கள் கடை ஊழியரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. கணக்கு அவரிடம் இல்லை. கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கே எழுதித் தங்கள் ரிட்டர்ன் அறிக்கையைக் கேட்டு வாங்கலாம்.