பீலியில் வரும் மழை

கந்தப்பளை மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆயினும் மாசி, பங்குனி மாதங்களில் லயத்துப் பீலியில் நீர் விரற்கனமாக மெலிந்துவிடுகின்றது. குடங்கள் வரிசையிற் காத்திருக்கின்றன. பிள்ளைகள் பாடசாலைக்குப் பிந்தி வருகின்றனர். அவ்வாறு பிந்தி வந்த மாணவி ஒருத்தி, “ஐப்பசியிற் பெய்த மழையெல்லாம் எங்கே போயிற்று, ஐயா?” என்று வினவினாள். கண்டிக்க எழுந்த நான் பாடம் நடத்த நேர்ந்தது.

மழையில் ஒரு பகுதி ஓடையிற் கலந்து போய்விடும். ஒரு பகுதியைத் தேயிலையும் மரமும் உறிஞ்சி மீண்டும் ஆவியாக்கும். எஞ்சியதே மண்ணுக்குள் இறங்கும். நம் மலைகளின் பழம்பாறை நீரை உட்கொள்ளாது. அதன்மீதுள்ள உக்கிய பாறையும் வெடிப்புகளுமே களஞ்சியம். பீலி அக்களஞ்சியத்தின் வாய்.

இறங்கியது எவ்வளவு? அதனை உப்பு சொல்லும். மழைநீரில் கடலுப்பு இம்மியளவு உண்டு. செடி நீரை உண்ணும், உப்பை உண்ணாது. ஆகவே நிலத்தடி நீரின் உப்பு மழைநீரின் உப்பைப்போலப் பத்து மடங்காயின், மழையிற் பத்திலொரு பங்கே கீழிறங்கிற்று எனலாம். சரிவில் ஓடிப்போன நீரின் உப்பைத் தனியே கழிக்கவேண்டும். எருவும் சவர்க்காரமும் கலந்த கிணற்றிலோ இக்கணக்கு நம்மை ஏமாற்றிவிடும்!

இத்தகைய அளவீடுகள் உலகில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து திரட்டப்பட்டு 2020-இல் வெளியாயின. 2022-இல் வந்த ஓர் ஆய்வு, மழைக்கும் வானின் வறட்சிக்கும் உள்ள விகிதமே இவ்வூறலைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என்றது. முந்தைய உலகக் கணிப்புகள் உண்மையிற் சராசரியாகப் பாதியளவையே காட்டின என்றும் கூறிற்று. இதைக் கேட்டு மகிழ்ந்துவிடலாகாது. மழையோடு நிலத்தடி நீருக்குள்ள பிணைப்பு நெருக்கமாயின், மழை பொய்க்கும்போது அதுவும் அவ்வளவுக்குத் தளரும்.

மேலும், உலகக் கணிப்புகளிற் பல, நிலத்தை ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர்ச் சதுரங்களாகப் பிரிப்பன. கந்தப்பளையும் பண்டாரவளையும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடக்கூடும். 2014 டிசெம்பரில் பண்டாரவளைப் பக்கத்தில் உமாஓயாச் சுரங்கத்துள் நீர் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. அவ்வாண்டு மழையை மட்டும் கணக்கிட்டவருக்கு இது புலப்பட்டிராது.

ஆதலால் எங்கள் மாணவர் வாரந்தோறும் பீலியடியில் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி என்று கொப்பியில் எழுதிவருகின்றனர். சென்ற பங்குனியில் அந்த எண் ஐப்பசியிலிருந்ததைப்போல நான்கு மடங்காயிற்று. முதலில் வினவிய மாணவியே இப்போது மணிக்கூட்டைப் பிடிக்கின்றாள்.