கிறீச்சிடும் வண்டிக்கு எந்த எண்ணெய்?

சோழவந்தானிலிருந்து மதுரைக்கு மோட்டாரிற் செல்வோர் வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே பொழுது போக்கலாம். சென்ற வருஷம் ஒவ்வொரு தடையிலும் நமது வண்டி 'கிறீச்' என்று முறையிடத் தொடங்கிற்று. பட்டறைக்குக் கொண்டு போனோம். ஒரு பையன் அடியிற் படுத்து, எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை எங்கும் தாராளமாகத் தடவினான். சப்தம் மறைந்தது, நாமும் மகிழ்ந்து கூலி கொடுத்து வந்தோம். நான்கு மாதங்களில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாயிற்று. கழற்றிப் பார்த்தால், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், ஊறிய கொண்டைக்கடலைபோல் உப்பி, உலோகத்தை விட்டு உரிந்திருந்தது.

பையனைக் குறை கூற மனம் வரவில்லை. கிறீச்சிட்டால் எண்ணெய் இடு என்பது நம் நாட்டுப் பழம் புத்தி. மாட்டு வண்டியின் இரும்பு அச்சுக்கு, வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து மசகிட்டவர்கள் நம் பாட்டனார். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொழில் தொடங்கிய காலத்து மோட்டார்களிலும் உலோகத்தோடு உலோகம் உராய்ந்தது. அங்கே கிரீஸ் அவசியமே. ரப்பரின் சமாசாரம் வேறு.

இயற்கை ரப்பர் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் ஆகிய பூமியெண்ணெய் வகைகளும் அதே ஜாதி. ஆகையால் ரப்பர் அவற்றை உறிஞ்சி, உப்பி, வலுவிழக்கிறது. ஆமணக்கெண்ணெய் அப்படியன்று. அதன் கொழுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலியிக் அமிலம். அதிலுள்ள ஆக்ஸிஜன் சேர்க்கை காரணமாக அது ரப்பருடன் எளிதில் கலவாது. ஹைட்ராலிக் பிரேக்குகள் வந்த புதிதில் அவற்றின் திரவத்தில் ஆமணக்கெண்ணெய் சேர்த்ததும், ரப்பருக்கென்றே விற்கும் சிவப்புக் கிரீஸ் அதைக்கொண்டு செய்யப்படுவதும் இதனாலேதான். உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு நமது தேசத்தில், முக்கியமாகக் குஜராத்தில், விளைகிறது. மூக்கைப் பிடித்துக் குழந்தைகளுக்குப் புகட்டிய சரக்கின் பெருமையை நாமே அறியோம்! ஆயினும் வீட்டுப் புட்டியை அப்படியே கவிழ்த்தல் தகாது. நாளடைவில் அது பிசினாகித் தூசியைப் பிடிக்கும்.

புஷ்ஷை உள்ளே செலுத்தும்போது சோப்பு நீரே போதும். வேலை முடிந்ததும் உலர்ந்துவிடும். ஸ்டெபிலைசர் கம்பி ரப்பருக்குள் திரும்பும் இடத்திலும், பாலியூரித்தேன் புஷ்களிலும் சிலிக்கோன் கிரீஸ் இடலாம். லோயர் ஆர்ம் புஷ் போன்று ரப்பர் உலோகத்தோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருந்தால் எந்த எண்ணெயும் வேண்டாம். அங்கே எதுவும் வழுக்குவதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. நமது வண்டியின் மூல வியாதி அதுவே என்று பின்னர் தெரிந்தது: முன்பொரு ரிப்பேரில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே நட்டை முறுக்கிவிட்டார்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பின்பு முறுக்கியிருக்க வேண்டும். சப்தம் எங்கேயென்று அறிய, ஒவ்வொரு ரப்பராகத் தண்ணீர் தெளித்து வண்டியை அமுக்கிப் பார்த்தால், எதை நனைத்ததும் அடங்குகிறதோ அதுவே இடம்.

பழைய ஆயில் பூசும் கை பிரேக்கின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு. பிரேக் திரவக் குப்பியில் எஞ்சின் ஆயிலை யாரேனும் ஊற்றிவிட்டால், வண்டியை ஒரு பர்லாங்கும் ஓட்டலாகாது. குழாய்களைக் கழுவி, பிரேக்கின் ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் மாற்றிய பிறகே குழந்தைகளை அதில் ஏற்றலாம்.