பலர் கூடிக் காக்கும் நிரல்

நுழையும்முன்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மதில்களால் இணைத்து நிற்பது செஞ்சிக் கோட்டை. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர் எனப் பலர் கைக்கு மாறிய அக்கோட்டை, வெவ்வேறு காலத்துத் திருத்தங்களாலும் சேர்க்கைகளாலும் இன்றைய வடிவைப் பெற்றது. பலர் கூடித் திருத்தி வளர்க்கும் படைப்புகள் கணினி உலகிலும் உண்டு. அவற்றுள் ஒன்று திறமூல வலைச் சட்டகம்.

சட்டகம் என்பது யாது?

வலைத்தளம் எதுவாயினும் சில பணிகள் பொதுவானவை. பயனரை அடையாளம் காணுதல், படிவத்தைச் சரிபார்த்தல், தரவைச் சேமித்தல், பக்கத்தை உருவாக்குதல் ஆகியன அவை. இவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதாமல், முன்பே எழுதி ஒழுங்குபடுத்தித் தரும் நிரல்தொகுதியே வலைச் சட்டகம். அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமம் இடமளித்தால் அது திறமூலச் சட்டகம் ஆகும்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் தேவைக்காக 2003இல் உருவாகத் தொடங்கிய ஜாங்கோ, 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. மும்பையில் தோன்றிய ஃபிராப்பே சட்டகமும் இவ்வகையினதே. இரண்டும் பைத்தான் மொழியை அடிப்படையாகக் கொண்டவை.

மூன்றா, ஆறா?

'செஞ்சி' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? செ, ஞ், சி என மூன்று என்பது தமிழ் இலக்கணம். பைத்தானோ ஆறு என விடை தரும். ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதே காரணம்.

கைப்பேசியின் சிறிய திரைக்காக, ஊர்ப்பெயர்களை ஐந்து குறியீடுகளோடு நிறுத்துமாறு ஒருவர் நிரல் எழுதுவதாகக் கொள்வோம். திரையில் 'செஞ்ச' என்று தோன்றும். ஊரின் பெயர் சிதைந்துவிடும். ஆங்கிலச் சொற்களை மட்டும் இட்டுச் சோதிப்பவர் இவ்வழுவைக் காணவே இயலாது. தமிழ் அறிந்தவர் கண்டு சொன்னால்தான் அது வெளிப்படும்.

வழுநீக்கும் முறை

முதலில், வழுவை மீண்டும் தோன்றச் செய்யும் மிகச் சிறிய சான்றைக் கண்டறிய வேண்டும். இங்கு 'செஞ்சி' என்ற ஒரு சொல்லே போதும். அடுத்து, வழு எங்குள்ளது என ஆராய வேண்டும். தரவுத்தளத்தில் பெயர் முழுமையாக இருப்பின், குறை சேமிப்பில் இல்லை. காட்சிப்படுத்தும் பகுதியில் உள்ளது. அப்பகுதி சட்டகத்தைச் சேர்ந்ததா, அதன்மேல் நாம் எழுதிய நிரலா என்பதையும் பிரித்தறிதல் வேண்டும்.

பின்னர், உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து எண்ணுமாறு நிரலைத் திருத்தலாம். ஓப்பன் தமிழ் என்னும் திறமூல நிரலகம் இவ்வாறு எழுத்துகளைப் பிரித்துத் தருகிறது. இறுதியாக, அதே வழு மீண்டும் வராமல் காக்கும் சோதனை நிரலையும் எழுதிச் சேர்க்க வேண்டும். குறை சட்டகத்தினுடையது எனில், திருத்தத்தை அதன் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பலாம். அவர்கள் ஆராய்ந்து ஏற்றபின் அது உலகெங்கும் உள்ள பயனர்களுக்குக் கிடைக்கும்.

திருத்தமும் பொறுப்பும்

திருத்தம் வெளிவந்தால் மட்டும் போதாது. பயன்படுத்துவோர் அதனை நிறுவவும் வேண்டும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் திறமூலச் சட்டகத்தின் பாதுகாப்புக் குறைக்கு 2017 மார்ச்சில் திருத்தம் வெளியானது. ஈக்விஃபாக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் அதனைத் தன் தளம் ஒன்றில் உரிய காலத்தில் நிறுவவில்லை. அவ்வழியே ஊடுருவியோர் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தனிப்பட்ட விவரங்களைக் கவர்ந்தனர். மதிலில் விரிசல் உண்டென்று அறிந்தும் அடைக்காதிருந்ததன் விளைவு அது.

செஞ்சி அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்தில், விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கட்டற்ற மென்பொருளை மாணவரிடையே பரப்பி வருகிறது. இத்துறையில் நுழைய, பெரிய நிரலை எழுதும் திறன் முதல்நாளே தேவையில்லை. தம் ஊரின் பெயர் திரையில் பிழையாகத் தோன்றுவதைக் கண்டு, காரணத்தை ஆராய்ந்து, தெளிவாக எழுதி அனுப்பும் மாணவரும் அந்நிரலை வளர்ப்போருள் ஒருவரே.