தாய்வீட்டிற்கு உடன் செல்லவேண்டிய குறிப்பேடு

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்லும் வழக்கம் இன்றும் மறையவில்லை. மும்பையிலோ டில்லியிலோ ஆறு மாதம் வரை ஒரு டாக்டரிடம் காட்டி வந்த பெண், வளைகாப்பு முடிந்ததும் ரயிலேறி, மதுரையிலோ கும்பகோணத்திலோ வேறொரு டாக்டரிடம் செல்கிறாள். பட்டுப்புடவையும் வளையலும் பெட்டியில் ஏறுகின்றன. உடன் செல்லவேண்டிய வேறொன்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவளுடைய இரத்தச் சர்க்கரைக் கணக்குதான் அது.

கருவுற்ற காலத்தில் தோன்றும் நீரிழிவைக் கர்ப்பகால நீரிழிவு என்பர். "இனிப்பை அளவின்றித் தின்றாள், வந்துவிட்டது" என்று பெண்ணைக் கடிந்துகொள்ளும் பெரியவர்கள் உண்டு. அது நியாயமன்று. நஞ்சுக்கொடியில் ஊறும் சில ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. மாதம் ஏற ஏற இத்தடை வலுக்கிறது. பெரும்பாலான தாய்மாரின் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதை ஈடுசெய்துவிடும்; சிலருக்கு அது இயலுவதில்லை. குடும்பத்தில் நீரிழிவு இருப்பதும், கருவுறுமுன்பே உடல் எடை மிகுந்திருப்பதும் இதற்கு இடந்தரும்.

தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைகிறது. அதைச் சமாளிக்கச் சிசுவின் கணையம் மிகுதியாக இன்சுலினைச் சுரக்க, சிசு அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிரசவம் கடினமாகலாம், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை தாழ்ந்துவிடவும் கூடும். இவ்வளவுக்கும் தாய்க்குப் பெரும்பாலும் யாதொரு அறிகுறியும் தெரியாது. சோதனை ஒன்றே வழி.

அச்சோதனையை எளிதாக்கியதில் பெரும்பங்கு கொண்டவர், 2022 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. அவரும் அவர் குழுவினரும் பரப்பிய முறை மத்திய அரசின் வழிகாட்டு நெறியிலும் இடம்பெற்றுள்ளது. வெறும் வயிற்றோடு செல்லவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துப் பருகி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தால் போதும். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்வர். டாக்டரை முதன்முறை காணும்போதே இதைச் செய்யவேண்டும். அப்போது குறையில்லையெனில் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை செய்யவேண்டும்.

நம்மவர்க்கு இடர் இங்கேதான் நேர்கிறது. இரண்டாம் சோதனைக்குரிய வாரங்களும் ஊருக்குப் புறப்படும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. "ஊரில் செய்துகொள்ளலாம்" என்று இங்குள்ளோரும், "அங்கேயே செய்திருப்பார்கள்" என்று அங்குள்ளோரும் எண்ணிவிட்டால், சோதனை நடவாமலே நாள் கடந்துவிடும். ஆகவே சோதனையை முடித்து முடிவைக் கையில் பெற்ற பின்னரே பயணச் சீட்டை எண்ணுக.

நோய் உண்டெனத் தெரிந்தால் அஞ்சவேண்டாம். முதலில் சுமார் இரண்டு வாரங்கள் உணவு முறையாலும் நடையாலும் சர்க்கரையை அடக்க முயல்வர். பலருக்கு இதுவே போதுமானது. "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று சோற்றைக் குவிப்பதும் தவறு. பயந்து பட்டினி கிடப்பதும் தவறு. மூன்று வேளை அளவான உணவும், இடையே சுண்டல், மோர் போன்ற சிறுதீனியும் ஏற்றவை. சோற்றைக் குறைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்டுக. வெல்லமும் தேனும் கருப்பட்டியும் சர்க்கரையைப் போலவே இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். சப்பாத்தியாயினும் கேழ்வரகுக் கஞ்சியாயினும் அளவு உண்டு. டாக்டர் தடுக்காதவரை, உணவுக்குப் பின் சற்று நடப்பது நலம்.

வீட்டிலேயே குளுக்கோமீட்டரால் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளலாம். கையைக் கழுவித் துடைத்த பின்னரே விரலில் குத்தவேண்டும். பழச்சாறு ஒட்டிய விரல் பொய்க்கணக்குக் காட்டும். வெறும் வயிற்றில் 95க்குக் கீழும், உணவு தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்கு. எண்ணை மட்டும் எழுதாமல், உண்டதையும் எழுதுக. நான்கு இட்லியும் சர்க்கரையிட்ட காப்பியும் உண்ட நாளில் 150 என்றும், இரண்டு இட்லியும் காய்கள் நிறைந்த சாம்பாரும் உண்ட நாளில் 115 என்றும் இருப்பதாகக் கொள்வோம். தன் உடலுக்கு எது ஒவ்வும் என்பதைத் தன் கையெழுத்திலேயே அவள் படித்தறிவாள் அன்றோ?

உணவால் அடங்காதபோது மாத்திரையோ இன்சுலினோ தேவைப்படலாம். இன்சுலின் ஊசி, தாயின் தோல்விக்கு அடையாளமன்று. வாழ்நாள் முழுதும் தொடரும் என்பதுமில்லை. ஊசி போடுவோர்க்கு வியர்வையும் நடுக்கமும் தோன்றிச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை நீரில் கரைத்து உடனே பருகவேண்டும். பின் டாக்டருக்கும் தெரிவிக்கவேண்டும். ரயில் பயணத்தில் அந்தக் குளுக்கோஸ் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பிரசவத்திற்குப் பின் பெரும்பாலோர்க்குச் சர்க்கரை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எனினும் பின்னாளில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவரினும் பன்மடங்கு அதிகம். ஆகவே ஆறாம் வாரத்தில் ஒரு சோதனையும், அதன்பின் ஆண்டுக்கொரு சோதனையும் வேண்டும். ஆறாம் வாரத்தில் அவள் தாய்வீட்டில் இருப்பாள்; மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புவாள். வரவேற்று ஆரத்தி எடுக்கும் மாமியார், குழந்தையின் எடையைக் கேட்பதோடு, "உன் ஆறாம் வாரச் சோதனை என்னவாயிற்று, அம்மா?" என்றும் கேட்கட்டும். அவள் கைப்பையைத் திறந்து அந்தக் குறிப்பேட்டைக் காட்டினால், அதைவிட நல்ல சீர் வேறு உண்டோ?