'குழந்தை நல்ல கலரா?'

ஏற்காடு அடிவாரமோ, சேலம் டவுனோ... குழந்தை பிறந்த வீட்டில் தாயும் சேயும் நலமா என்பதற்கு அடுத்த கேள்வி இதுதான்: "குழந்தை நல்ல கலரா?"

சிவப்பாக இருந்தால், "வெள்ளைக்காரக் குழந்தை மாதிரியே இருக்கே!" என்று கொஞ்சல். இல்லையென்றால், "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கு" என்று ஆறுதல். அந்த 'இருந்தாலும்'தான் வினையே!

மலைமேல் வெள்ளைக்காரர் வந்தது 1820-களில். சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். எஸ்டேட்டும் பங்களாவும் பின்னாலேயே வந்தன. துரைகள் போய்விட்டார்கள், ஒப்பீடு போகவில்லை. முழுப் பழியையும் அவர்கள் தலையில் கட்டவும் முடியாது. 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது 1975-ல், சுதந்திரம் கிடைத்து 28 வருடம் கழித்து. பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கியது 2020-ல். அதற்கும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் சாக வேண்டியிருந்தது.

பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டேதான் பிள்ளைகள் வளர்கிறார்கள். 1940-களில் அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் - மேமி கிளார்க் தம்பதி, 3 முதல் 7 வயதுக் கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளை, கறுப்புப் பொம்மைகளை வைத்து, "எது நல்ல பொம்மை?" என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் காட்டியது வெள்ளைப் பொம்மையை. "உன்னை மாதிரி இருப்பது எது?" என்றதும் சில குழந்தைகள் அழுதே விட்டன.

இங்கே எத்தனையோ வீடுகளுக்குக் குலதெய்வம் கருப்பண்ணசாமி. கிடா வெட்டிப் பொங்கல் வைத்து விழுந்து கும்பிடுகிறோம். பேரனுக்கு அந்தப் பெயரை வைக்கலாமா என்று பாட்டி கேட்டால் மட்டும், "ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்கம்மா" என்கிறோம்.